விளக்கு எரியும் வரை காத்திருக்கலாமா? மின்சார காரின் டயர் இடமாற்றமும் அழுத்த சென்சாரும்

பெட்ரோல் கார் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டது, அதற்கென்று நாள் குறித்துக்கொண்டு அல்ல. எஞ்சின் ஆயில் மாற்றுவதற்காக வண்டியைப் பணிமனையில் விட்டால், மேலே தூக்கிய கையோடு சக்கரங்களையும் கழற்றி இடம் மாற்றி, காற்றைச் சரிபார்த்து, பிரேக் பட்டைகளையும் ஒரு பார்வை பார்த்து அனுப்பிவிடுவார்கள். பல நேரம் அது நடந்ததே உரிமையாளருக்குத் தெரியாது. ரசீதில் ஒரு வரியாக மட்டும் இருக்கும். மின்சார காரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற எஞ்சின் ஆயிலும் இல்லை, அதற்கான ஃபில்டரும் இல்லை, ஆகவே அந்தச் சாக்கும் இல்லாமல் போய்விட்டது. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பிரேக் பட்டைகளும் மெதுவாகத்தான் தேய்கின்றன. அவற்றுக்காகச் சக்கரத்தைக் கழற்ற வேண்டிய தேவையும் ஆண்டுக்கணக்கில் எழுவதில்லை. இப்படி, பராமரிப்பே வேண்டாத வண்டி என்று பெயரெடுத்த ஒன்றில், உண்மையில் வேகமாகத் தேயும் ஒரே பெரிய பாகமான டயர் யாருடைய கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அது ஏன் வேகமாகத் தேய்கிறது என்பதற்கு எடை ஒரு காரணம். தரைக்கடியில் பரப்பி வைத்திருக்கும் பேட்டரித் தொகுப்பு மட்டும் பல கார்களில் 300 முதல் 600 கிலோ வரை இருக்கும். அதாவது நான்கைந்து பெரியவர்கள் எப்போதும் வண்டியில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம், சில கார்களில் அதைவிடவும் கூடுதல். இரண்டாவது காரணம் முறுக்குவிசை. பெட்ரோல் எஞ்சின் சுழற்சி வேகம் ஏறிய பிறகுதான் முழு விசையைக் கொடுக்கும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலேயே கொடுத்துவிடும். சிக்னலில் பச்சை விழுந்ததும் கால் வைத்த மாத்திரத்தில் கார் பாய்வது ஓட்டுகிறவருக்கு இன்பம்தான், ஆனால் அந்தப் பாய்ச்சல் முழுவதும் உள்ளங்கை அளவே தரையைத் தொடும் ரப்பர் வழியாகத்தான் சாலைக்குப் போகிறது.

மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் இடமாற்றத்தைப் புரிந்துகொள்ள அதுதான் முக்கியம். பெட்ரோல் காரில் பிரேக் மிதிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, முன் டிஸ்குகளே பெரும்பகுதி வேலையைச் செய்கின்றன, முன்சக்கர இயக்கம் என்றால் இழுப்பதும் அவையே. ஆகவே ‘முன் டயர்தான் முதலில் தேயும்’ என்பது பல தலைமுறை ஓட்டுநர்களின் அனுபவ அறிவாக நிலைத்துவிட்டது. மின்சார காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்தத் தடுப்பு விசை மோட்டார் பூட்டியுள்ள அச்சின் சக்கரங்கள் மீது மட்டுமே விழும். ஃபோக்ஸ்வாகன் ஐடி.3, டெஸ்லா மாடல் 3-இன் ஒற்றை மோட்டார் வகை போன்ற பின்சக்கர இயக்கக் கார்களில், ஓட வைப்பதும் பின் டயர், பெரும்பாலான நேரம் வேகத்தைக் குறைப்பதும் பின் டயர். அங்கே பழைய அனுபவ அறிவு தலைகீழாகிவிடுகிறது. நிசான் லீஃப் போன்ற முன்சக்கர இயக்க மின்கார்களிலோ இழுப்பு, தடுப்பு, திருப்பம் மூன்றும் முன் டயர்களின் தலையிலேயே விழுகின்றன. இரண்டு மோட்டார் கொண்டவற்றில் எந்த மோட்டாரை எப்போது அதிகம் பயன்படுத்த வேண்டும் என்பதை மென்பொருள் முடிவு செய்வதால், எந்த அச்சு முதலில் தேயும் என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

அளப்பதற்குத் தேவையானது விலை மலிவான ஓர் ஆழமானி, அவ்வளவே. புதிய கார் டயரின் வரிப்பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும்; பல நாடுகளின் சட்டம் 1.6 மில்லிமீட்டரை இறுதி எல்லையாக வைத்திருக்கிறது, பள்ளத்துக்குள்ளே அதே உயரத்தில் சின்னச் சின்ன மேடுகளை அடையாளமாக வார்த்தும் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடங்களில் அளக்க வேண்டும், ஏனென்றால் டயர் தேய்ந்திருக்கும் விதமே ஒரு வாக்குமூலம். நடு மட்டும் தேய்ந்திருந்தால் நெடுநாள் காற்று அதிகமாக ஓடியிருக்கிறது. இரு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. ஒரு விளிம்பு மட்டும் என்றால் சக்கரக் கோணம் தவறியிருக்கிறது.

இதில் பின்சக்கரத்தின் உள்விளிம்பைத் தனியே குறிப்பிட வேண்டும். நிலையாக வளைவுகளில் ஓட வேண்டும் என்பதற்காகப் பின்சக்கரங்களின் மேற்பகுதி உட்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும்படி பல கார்கள் வடிவமைக்கப்படுகின்றன. அந்தச் சாய்வும், அதோடு சேர்ந்து சக்கரம் நேர்கோட்டிலிருந்து விலகும் கோணமும் அளவு மீறினால், கனமான வண்டியில் உள்விளிம்பு மட்டும் சீவியதுபோல் தேயும். முன்சக்கரம் என்றால் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி நிறுத்திவிட்டு உட்புறத்தைப் பார்த்துவிடலாம். பின்சக்கரத்தின் உட்புறம், வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினால் ஒழியக் கண்ணுக்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்க்க 5 மில்லிமீட்டர் பள்ளத்தோடு நல்ல டயராகத் தெரிவது, உள்ளே கம்பி வலை தெரியும் அளவுக்குப் போயிருக்கலாம். இடமாற்றத்தின் உண்மையான பயனில் பாதி இந்தப் பரிசோதனையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. கோணம் தவறிய காரில் டயரை மட்டும் மாற்றி மாற்றிப் போடுவது, ஒரு டயரில் முடிந்திருக்க வேண்டிய கேட்டை நான்குக்கும் பங்கிட்டுக் கொடுப்பதாகும். முதலில் வீல் அலைன்மென்ட், பிறகுதான் இடமாற்றம்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்பதற்கு டெஸ்லா தன் கையேடுகளில் சொல்லும் அளவு நல்ல வழிகாட்டி: 10,000 கிலோமீட்டர், அல்லது டயர்களுக்கிடையே பள்ள ஆழ வேறுபாடு 1.5 மில்லிமீட்டர், இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. இந்த 1.5 மில்லிமீட்டர் அற்பமான எண்ணாகத் தோன்றலாம், ஆனால் அதற்குக் காரணம் உண்டு. ஈரச் சாலையில் பின் டயர்கள் முதலில் பிடிப்பை இழந்தால் வண்டி சுழன்றுவிடும், முன் டயர்கள் இழந்தால் வண்டி நேராக வழுக்கும். சுழலும் வண்டியைச் சமாளிப்பது சாதாரண ஓட்டுநருக்கு மிகக் கடினம் என்பதால், ஆழம் கூடிய டயர்கள் பின்னால் இருக்க வேண்டும் என்பது பொது விதி. முன்சக்கர இயக்கக் காரில் 30,000 கிலோமீட்டர் வரை சும்மா இருந்துவிட்டு, 3 மில்லிமீட்டராகத் தேய்ந்த முன் டயர்களைப் பின்னுக்குக் கொண்டுபோனால் அந்த விதியை நாமே மீறியவர்கள் ஆவோம். வேறுபாடு சிறிதாக இருக்கும்போது மாற்றினால் இந்தச் சிக்கலே எழாது. தாமதமாகச் செய்யும் இடமாற்றம் பயன் குறைந்தது மட்டுமல்ல, சில சமயம் செய்யாமல் இருப்பதே மேல் என்ற நிலைக்கும் போய்விடும்.

எந்த டயர் எங்கே போக வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: மோட்டார் பூட்டிய அச்சின் டயர்கள் அதே பக்கத்தில் நேராக மறு அச்சுக்குப் போகும், மற்ற இரண்டும் குறுக்கே பக்கம் மாறி வந்து அந்த இடத்தைப் பிடிக்கும். பின்சக்கர இயக்கம் என்றால் பின்னிரண்டும் நேராக முன்னே வரும், முன் இடது பின் வலதாகவும், முன் வலது பின் இடதாகவும் போகும். முன்சக்கர இயக்கத்தில் இதற்கு நேர்மாறு. பக்கச்சுவரில் அம்புக்குறி போட்ட, ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய டயர்கள் பக்கம் மாறக் கூடாது. அவற்றை முன்பின்னாக மட்டுமே மாற்றலாம். போர்ஷே டைகான் போன்ற கார்களில் பின் டயர் முன் டயரைவிட அகலமானது, ஆகவே முன்பின் மாற்ற வழியே இல்லை; இடது வலதாக மாற்றலாம், அதுவும் டயர் திசை சார்ந்ததாக இல்லாவிட்டால்தான். இரண்டு கட்டுப்பாடும் ஒன்றாகச் சேர்ந்த காரை வாங்கியவர், டயரை ரிம்மிலிருந்து பிரித்துத்தான் எதையும் செய்ய முடியும். காட்சிக்கூடத்தில் பெரிய சக்கரங்களைத் தேர்ந்தெடுக்கும்போது இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

தூக்கும்போது கவனம் வேண்டும். பேட்டரி உறை தரைத்தளத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பதால், பெட்ரோல் காரில் கண்டபடி ஜாக்கி வைத்துப் பழகிய கை இங்கே பெரும் சேதம் விளைவிக்கலாம். உற்பத்தியாளர் குறித்துள்ள நான்கு புள்ளிகளில் மட்டுமே தாங்கல் இருக்க வேண்டும். சில கார்களில் அந்தப் புள்ளியில் உள்ள துளைக்குள் பொருந்தும் ரப்பர் குமிழைச் செருகி, அதன்மேல்தான் ஜாக்கியை ஏற்ற வேண்டும். காற்று சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் முதலில் திரைக்குள் போய் ஜாக் நிலையை இயக்கவில்லையென்றால், வண்டி தானே தன்னைச் சமன்செய்ய முயன்று இடைஞ்சல் தரும். வீல் நட்டுகளை நட்சத்திர வடிவில் எதிரெதிராக, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால், சொல்லப்பட்ட அளவுக்கு முறுக்க வேண்டும். மாடல் 3-க்கு அது 175 நியூட்டன் மீட்டர். பல சிறிய பெட்ரோல் கார்களுக்கு வழக்கமான அளவைவிடக் கணிசமாக அதிகம்.

இனி காற்றழுத்தம். வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. அதனால்தான் கனமான மின்கார்களுக்கு 42 பிஎஸ்ஐ போன்ற, பழைய சிறிய கார்களின் 32-ஐவிட மிக உயர்ந்த அளவுகள் குறிக்கப்படுகின்றன. சரியான அளவு ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அது உங்கள் காருக்கான பரிந்துரை அல்ல. அழுத்தம் குறைந்தால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி நிமிர்கிறது, அந்த நசுங்கலில் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. அமெரிக்க எரிசக்தித் துறை, நான்கு டயரின் சராசரி அழுத்தத்தில் குறையும் ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் சுமார் 0.2 சதவீதம் எரிபொருள் சிக்கனம் போகிறது என்று கணக்குச் சொல்கிறது. மின்சார காரில் இது பணத்தைவிட முதலில் தூரத்தில் தெரியும்; அடுத்த சார்ஜரை எட்டுவதற்கு மிச்சம் வைத்திருந்த சில கிலோமீட்டர்களில் தெரியும்.

வெப்பநிலையின் பங்கைக் கணக்கு போட்டே பார்த்துவிடலாம். 30 டிகிரி செல்சியஸில் 42 பிஎஸ்ஐ நிரப்பிய டயர், இரவு 20 டிகிரிக்கு இறங்கினால் என்னவாகும்? மானி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலான அழுத்தம் மட்டுமே என்பதால், வளிமண்டலத்தின் 14.7-ஐயும் கூட்டி 56.7 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வெப்பநிலையையும் கெல்வினில் எழுதினால் 303-இலிருந்து 293-க்கு இறங்குகிறது. 56.7-ஐ 293-ஆல் பெருக்கி 303-ஆல் வகுத்தால் 54.8, அதிலிருந்து 14.7-ஐக் கழித்தால் 40.1. ஓட்டை எதுவும் இல்லாமலே சுமார் 2 பிஎஸ்ஐ காணாமல் போயிருக்கிறது. பத்து டிகிரிக்கு ஏறத்தாழ 2 என்பது இதிலிருந்து வரும் எளிய வாய்ப்பாடு. ரப்பர் வழியாக இயல்பாகவே மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பிஎஸ்ஐ கசிவதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்த் திசையில், ஓடிச் சூடான டயர் அளவுக்கு மேல் நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவதும் இதே விதியால்தான். கதவோரத் தாளில் உள்ள எண் ஆறிய டயருக்கானது. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டியில் அளந்தது. சூடான டயரில் எண் கூடுதலாக இருக்கிறதே என்று காற்றை இறக்குகிறவர் மறுநாள் காலையில் குறைந்த அழுத்தத்தோடு புறப்படுவார்.

இத்தனையையும் ஒரு சென்சார் பார்த்துக்கொள்கிறதே என்று கேட்கலாம். அந்தச் சென்சார் எதற்காக வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெளிவாகும். டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பு 1986-லேயே போர்ஷே 959 காரில் வந்துவிட்டது, ஆனால் நெடுங்காலம் ஆடம்பரப் பொருளாகவே இருந்தது. 2000-ஆம் ஆண்டில், பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பூட்டப்பட்டிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை பிரிந்து நேர்ந்த விபத்துகள் 200-க்கும் மேற்பட்ட உயிரிழப்புகளோடு தொடர்புபடுத்தப்பட்டன. பல லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்கா ட்ரெட் என்ற வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதன் வழியாக 2007 செப்டம்பர் முதல் அங்கே தயாராகும் எல்லா இலகு வாகனங்களிலும் இந்த அமைப்பு கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 நவம்பரில் புதிய மாடல்களுக்கும், 2014 நவம்பரில் விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது.

டயர் வெடித்து உயிர் போவதைத் தடுப்பதே அந்தச் சட்டங்களின் நோக்கம். ஆகவே அமெரிக்க விதி, பரிந்துரைத்த அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்று மட்டுமே கேட்கிறது. 42 பிஎஸ்ஐ காரில் அது 31.5. அதாவது சட்டத்தின் கடைசி வரம்பை மட்டும் கடைப்பிடிக்கும் ஒரு கார், டயர் 33-இல் ஓடினாலும் வாய் திறக்காமல் இருக்கலாம். ஒன்பது பிஎஸ்ஐ குறைவாக மாதக்கணக்கில் ஓடும் டயர் விளிம்புகளில் தேய்ந்துகொண்டும், தூரத்தைத் தின்றுகொண்டும் இருக்கும். எச்சரிக்கை விளக்கோ அணைந்தேதான் இருக்கும். ஐரோப்பிய விதி 20 சதவீதம் என்று சற்று இறுக்கிப் பிடிக்கிறது. எரியும் விளக்கு ஆபத்து வந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு; பராமரிப்புக்கான நினைவூட்டலாக அதை யாரும் உருவாக்கவில்லை. நல்லவேளையாக இன்றைய மின்கார்களில் பெரும்பாலானவை நான்கு எண்களையும் திரையில் காட்டுகின்றன. விளக்கை விட்டுவிட்டு அந்த எண்களைப் பார்க்கப் பழகினால் பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதி, அந்த எண் எந்தச் சக்கரத்துடையது என்பதில் இருக்கிறது.

இந்த அமைப்பில் நேரடி, மறைமுகம் என்று இரண்டு வகை உண்டு. நேரடி வகையில், ஒவ்வொரு ரிம்முக்குள்ளும் வால்வின் அடியில் ஒரு சிறு கருவி பொருத்தப்பட்டிருக்கும். அழுத்தமானி, வெப்பமானி, சக்கரம் சுழல்வதை உணரும் முடுக்கமானி, ரேடியோ அலைபரப்பி, லித்தியம் பேட்டரி ஆகிய அனைத்தும் அந்தப் பெட்டிக்குள் அடக்கம். நாட்டைப் பொறுத்து 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் அது பேசும். டெஸ்லாவின் பிந்தைய மாடல்களில் ப்ளூடூத் வழியாகப் பேசும். பேட்டரியைச் சேமிப்பதற்காக வண்டி நிற்கும்போது உறங்கிக் கிடந்து, ஓடத் தொடங்கியதும் நிமிடத்துக்கு ஒருமுறை போலச் செய்தி அனுப்பும். காலையில் காற்றை நிரப்பிவிட்டுத் திரையைப் பார்த்தால் எண் மாறாமல் இருப்பதற்கும், சில கார்களில் எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகள் தெரிவதற்கும் காரணம் இதுதான். சிறிது தூரம் ஓட்டினால் சரியாகிவிடும்.

அந்தச் செய்தியில் ‘நான் முன் இடது சக்கரம்’ என்ற தகவல் இருக்காது. தொழிற்சாலையில் பதிக்கப்பட்ட ஓர் அடையாள எண், அழுத்தம், வெப்பநிலை, இவ்வளவுதான் இருக்கும். அடுத்த தடத்தில் ஓடும் காரின் சென்சாரும் அதே அலைவரிசையில் பேசுவதால், தன்னுடையது எது என்று பிரித்தறியவே அந்த அடையாள எண். எந்த எண் எந்த மூலையில் இருக்கிறது என்ற பட்டியலைக் காரின் கணினிதான் வைத்திருக்கிறது. டயர்களை இடம் மாற்றியதும் சென்சார்கள் ரிம்மோடு சேர்ந்து நகர்ந்துவிடுகின்றன, பட்டியல் மட்டும் பழையபடியே நிற்கிறது. பின் இடது குறைவு என்று திரை சொல்கிறது. இறங்கிப் போய்ப் பின் இடதில் காற்று அடிக்கிறோம். எண் அசையவில்லை, ஆணி குத்திய டயரோ முன்னால் கசிந்துகொண்டிருக்கிறது. நான் கேட்ட ‘சென்சார் பழுது’ புகார்களில் பல இப்படி முடிந்தவைதான். முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு அழுத்தம் பரிந்துரைக்கப்பட்ட காரில் குழப்பம் இன்னும் ஒரு படி கூடும். 39 இருக்க வேண்டிய இடத்துக்கு 42-உம், 42 இருக்க வேண்டிய இடத்துக்கு 39-உம் போய்விடுவதால், பட்டியல் சரியாக இருந்தாலும் அழுத்தம் தவறாக இருக்கும். ஆகவே இடம் மாற்றியதும் முதல் வேலை, புதிய இடத்துக்குரிய அளவுக்குக் காற்றைத் திருத்துவது; பட்டியலைத் திருத்துவது அதற்குப் பிறகு.

பட்டியலைத் திருத்தும் வழி காருக்குக் கார் மாறும். புதிய மின்கார்கள் பலவும் தாமாகவே கற்றுக்கொள்கின்றன, அதன் பின்னணியில் உள்ள உத்தி ரசிக்கத் தக்கது. சக்கரம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் இருக்கும்போது மட்டும் சென்சார் செய்தி அனுப்பும்; அந்த நொடியில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு நான்கு சக்கரங்களும் எந்தக் கோணத்தில் இருந்தன என்று குறித்துக்கொள்ளும். வளைவுகளில் நான்கு சக்கரமும் ஒரே அளவு சுற்றுவதில்லை என்பதால், சில நிமிட ஓட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு அடையாள எண்ணும் ஒரே ஒரு சக்கரத்தின் கோணத்தோடு மட்டுமே திரும்பத் திரும்பப் பொருந்தும். அந்தச் சக்கரமே அதன் இருப்பிடம். இந்த வசதி இல்லாத கார்களில், கற்றல் நிலையை இயக்கிவிட்டு, 125 கிலோஹெர்ட்ஸ் அலையால் உறங்கும் சென்சாரை எழுப்பும் கைக்கருவியை ஒவ்வொரு வால்வின் அருகிலும் கையேடு சொல்லும் வரிசையில் காட்ட வேண்டும். பணிமனையில் கேட்க வேண்டிய கேள்வி ‘டயரை மாற்றினீர்களா’ என்பதோடு நிற்கக் கூடாது. ‘சென்சார் இடங்களையும் பதிந்தீர்களா’ என்பதும் அதில் சேர வேண்டும்.

அவர்கள் ஆம் என்று சொன்னாலும் சோதித்துப் பார்ப்பது எளிது. டயர்கள் ஆறியிருக்கும்போது முன் இடதில் 1, முன் வலதில் 2, பின் வலதில் 3, பின் இடதில் 4 பிஎஸ்ஐ என்று அளவைவிடக் கூடுதலாகக் காற்று அடித்துவிட்டு, பத்து நிமிடம் நிதானமாக ஓட்டிப் பாருங்கள். சூட்டில் எல்லா எண்ணும் சேர்ந்து ஏறும், ஆனால் வரிசை மாறாது. மிகக் குறைந்தது முன் இடதிலும், மிக அதிகமானது பின் இடதிலும் தெரிந்தால் பட்டியல் சரி. வெயில் ஒரு பக்கம் அடித்த காரில் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ வேறுபாடு தானாகவே வந்துவிடும் என்பதால் நிழலில் நின்ற வண்டியில் செய்வது நல்லது. பிறகு டயர்கள் ஆறியதும் அளவுக்கு இறக்கிவிட வேண்டும்.

மறைமுக வகையில் ரிம்முக்குள் சென்சாரே கிடையாது. காற்று குறைந்த டயரின் சுழல் ஆரம் சிறிதாகிறது, ஆகவே அது மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுற்றுகிறது; ஏபிஎஸ் வேக உணரிகள் காட்டும் அந்த வேறுபாட்டையும், டயர் அதிரும் விதத்தில் ஏற்படும் மாற்றத்தையும் வைத்து மென்பொருள் ஊகிக்கிறது. இங்கேதான் இடமாற்றம் நேரடியாகக் கை வைக்கிறது. 235/45 ஆர்18 அளவு டயரின் ஆரம் சுமார் 334 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்த டயரின் ஆரம் 0.6 சதவீதம் குறைவு. அழுத்தம் கால்பங்கு குறைந்தாலும் சுழல் ஆரத்தில் வரும் மாற்றம் ஒரு சதவீதத்துக்குள்தான். இந்த அமைப்பின் கண்ணுக்குத் தேய்ந்த டயரும் காற்றிறங்கிய டயரும் கிட்டத்தட்ட ஒரே சாயல். அதனால் இடம் மாற்றிய ஒவ்வொரு முறையும் திரையில் உள்ள மறு அளவீட்டுப் பொத்தானை அழுத்தி, இப்போதுள்ள நிலையே சரியான நிலை என்று அதற்குச் சொல்ல வேண்டும். ஆனால் அது கேள்வி கேட்காமல் நம்பிவிடும். 35-இல் கிடக்கும் டயர்களோடு அந்தப் பொத்தானை அழுத்தினால், 35-தான் சரி என்று கற்றுக்கொண்டு மிச்சக் காலம் முழுவதும் அமைதியாக இருக்கும். மஞ்சள் விளக்கை அணைப்பதற்காகவே அந்தப் பொத்தானை அழுத்துகிறவர்கள் உண்டு. புகை உணரியின் பேட்டரியைப் பிடுங்குவதற்கு நிகரான செயல் அது.

சென்சாரின் ஆயுளைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். உள்ளே உள்ள பேட்டரி பொதுவாக ஐந்திலிருந்து பத்து ஆண்டு வரை தாங்கும், தீர்ந்தால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாதபடி முழுவதையும் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். நான்கும் ஒரே நாளில் பிறந்தவை என்பதால் ஒன்று போனால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்று கொள்ளலாம். ஏழெட்டு ஆண்டு ஆன காரில் புதிய டயர் போடும்போது, ரிம்மிலிருந்து டயர் கழன்றிருக்கும் அந்த நேரத்திலேயே நான்கு சென்சாரையும் மாற்றிவிடுவது, பின்னால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கூலி கொடுப்பதைவிடச் சிக்கனம். அலுமினிய வால்வுத் தண்டு உள்ள சென்சாரில், சாதாரண பித்தளை வால்வு ஊசியைப் போட்டால் இரு உலோகமும் ஈரத்தில் ஒன்றையொன்று அரித்துக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். நிக்கல் பூசியதைத்தான் போட வேண்டும். அழகுக்காக விற்கும் உலோக மூடிகளுக்கும் இதே கதி. ஒருநாள் காற்று அடிக்க மூடியைத் திருகினால் தண்டே முறிந்து கையோடு வரும். பிளாஸ்டிக் மூடியே போதும்.

பல மின்கார்களில் எடையையும் இடத்தையும் மிச்சப்படுத்த ஸ்டெப்னி தருவதில்லை. அதற்குப் பதில் பஞ்சரை அடைக்கும் திரவமும் சிறு கம்ப்ரஸரும் இருக்கும். அந்தத் திரவம் சென்சாரின் நுண்துளையை அடைத்துவிட்டால் எண் ஒரே இடத்தில் உறைந்துபோகும், ஆகவே அதைப் பயன்படுத்திய டயரைப் பழுது பார்க்கும்போது சென்சாரையும் துடைத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். ஒலியைக் குறைக்க உட்புறம் நுரைப்பட்டை ஒட்டிய டயர் என்றால், பஞ்சர் ஒட்டுகிறவர் அந்த இடத்து நுரையை வெட்டி எடுத்துத்தான் ஒட்ட முடியும். முன்கூட்டியே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

இடம் மாற்றிய பிறகு சில நாள் ஒரு புது இரைச்சல் கேட்டால் பதற வேண்டாம். ஒரே அச்சில் நெடுநாள் ஓடிய டயரின் ரப்பர்க் கட்டிகள் ரம்பப் பற்களைப் போல ஒருபுறம் சாய்ந்து தேய்ந்திருக்கும். பக்கம் மாறி எதிர்த் திசையில் சுழலும்போது அவை முனகும். எஞ்சின் சத்தம் மறைத்துவிடும் அந்த முனகல், மின்சார காரின் அமைதியில் பேரிங் போய்விட்டதோ என்று அஞ்சும் அளவுக்குக் கேட்கும். ஓடஓடப் பெரும்பாலும் குறைந்துவிடும். வேகத்தோடு கூடி, வளைவில் ஒரு பக்கம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனால்தான் பேரிங்கைப் பார்க்க வேண்டும். வீல் நட்டுகளை முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை டார்க் ரென்ச்சால் மறுபடி சரிபார்க்க வேண்டியிருப்பதால், அன்றைக்கே ஓடோமீட்டர் எண்ணையும், நான்கு மூலையின் மும்மூன்று ஆழ அளவுகளையும், ஆறிய நிலை அழுத்தங்களையும் ஒரு தாளில் எழுதிக் கையுறைப் பெட்டிக்குள் போட்டுவைக்கலாம். அடுத்த 10,000 கிலோமீட்டரில் எந்த மூலை எவ்வளவு தேய்ந்தது என்று கழித்துப் பார்க்க அந்தப் பன்னிரண்டு எண்கள் வேண்டும். கார் அவற்றை எங்கும் பதிந்து வைப்பதில்லை.